அறுபத்திரண்டு முதுகுகள்

— அதெல்லாம் இருக்கட்டும் வாத்தியாரே, நான் செஞ்சேன்னு எத வச்சுச் சொல்றீங்க? அந்த நாக்காலி வேணாம், அதுல தாளு காயுது. இப்படி வாங்க.

— நான் நின்னுக்கறேன் சிவகாமி அம்மா. கோவிச்சுக்காதீங்க. சைக்கிள்ல கட்டி காஜா பெராங் வரைக்கும் மிதிச்சுக் கொண்டாந்ததே, பள்ளிக்கூடத்துல நாலு பேரு முன்னால பேச வேணாமேன்னுதான். இத எங்க எறக்கி வைக்கலாம்?

— கீழ வைங்க. இல்ல, வேணாம், சின்னவன் முழிச்சான்னா பிச்சுப் போட்டுருவான். ரெண்டு வயசுக்கு அவன் கை சும்மாவே இருக்காது. அவனுக்குப் பயந்துதான் மை புட்டிய அலமாரி மேல வச்சுக்கிட்டு நான் நின்னுகிட்டே வரையறேன்.

— சரி, நானே புடிச்சுக்கறேன். பாருங்க. பண்டார் ஹிலிர் திடலு. போன வருசம் மெர்டேக்கா, சுதந்திரத் தேதிய அறிவிச்சப்ப கூடுன கூட்டம். சிகரெட் அட்டையில வெட்டி, சாயம் பூசி நிக்க வச்சிருக்கு. எண்ணிப் பாத்தேன், அறுவத்திரண்டு பேரு. ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இல்ல. பதினோரு வயசுப் புள்ள செய்யற வேலையா இது?

— நான் தொடவே இல்ல. இன்னிக்கித்தான் கண்ணால பாக்கறேன்.

— இன்னிக்கித்தானா? பதினைஞ்சு நாளா உங்க வீட்டுல வச்சுத்தானே செஞ்சிருக்கு?

— அடுப்படியில உக்காந்து என்னமோ வெட்டிக்கிட்டே இருந்தா. கைவேலைன்னா. சரி செய்யின்னேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? வாரா வாரம் உங்களுக்கு ஒரு கைவேலை. தேங்கா ஓட்டுல கிண்ணம், ஈர்க்குல விசிறி, முட்ட ஓட்டுல கோழிக்குஞ்சு. முட்ட ஓடு ஒடையாம வேணும்னு சொல்லி எங்க வீட்டுல நாலு நாளா பொரியல் இல்ல. போன மாசம் காயிதக் கூழுல புலி. அந்தப் புலிக்கு வாலு விழுந்துருச்சுன்னு நீங்க பத்துக்கு நாலுதான் போட்டீங்க. நான் செஞ்சிருந்தா வாலு விழுமா?

— அதத்தான் நானும் சொல்றேன். புலி அவ கை. இது அவ கை இல்ல.

— மத்த வீட்டுல யாரு செய்யறாங்களாம்? பூங்காவனம் வீட்டுப் பாய முடைஞ்சது அவளோட பெரியம்மா. இந்தச் சடக்குல எல்லா வீட்டுக்கும் தெரியும்.

— எனக்கும் தெரியும். அதக் கண்டுபுடிக்க முடியாதும்மா. பாய்க்குக் கையெழுத்து கெடையாது. உங்க கை அப்படியா? அச்சுல வந்த கை. இந்தாங்க, சிங்கப்பூரு பத்திரிகையோட சித்திரை இதழு. பைக்குள்ளயே வச்சிருக்கேன். இந்தப் படத்தப் பாருங்க. கதைக்கு நீங்க போட்டது. இடுப்புல புள்ளைய வச்சுக்கிட்டு ஒரு பொம்பள திரும்பி நிக்கறா. மொகம் தெரியல. ஒரு காலு மட்டும் செருப்ப விட்டு வெளிய வந்திருக்கு. இப்ப இந்தக் கூட்டத்தப் பாருங்க, மூணாவது வரிசை, பச்சச் சேல. அதே ஆளு, அதே காலு. அறுவத்திரண்டு பேருல ஒருத்தர் மொகமும் தெரியல.

— கூட்டத்துல பின்னால நின்னா முதுகுதானே தெரியும். அவ அப்பாகூட அன்னிக்கிப் போயிருந்தா. நான் போகல. ஒரு படம் முடிக்க வேண்டியிருந்துச்சு.

— அந்தக் காலு?

— பாத்து வரைஞ்சிருப்பா. அம்மா படத்தப் பாத்து வரையறது குத்தமா?

— பாத்து வரைஞ்ச கோடு தயங்கும் சிவகாமி அம்மா. நான் வரையத் தெரியாதவன்தான், ஆனா இருவது வருசமா புள்ளைங்க கோட்டப் பாக்கறேன். இது தயங்கல. உங்களோடது மாதிரியே ஓடுது. ஒண்ணு சொல்லட்டுமா, இந்தப் படத்த நான் வகுப்புல எடுத்துக் காட்டிச் சொன்னேன். ‘இந்தம்மாவோட பையன் அந்த வாரம் ஆஸ்பத்திரியில காய்ச்சலோட கெடந்தான், அஞ்சு நாளு கட்டிலப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க, அப்பவும் படம் சிங்கப்பூருக்குப் போய்ச் சேந்துச்சு, அதாண்டா உழைப்பு’ன்னு. உங்க ஜெயா தலையக் குனிஞ்சுக்கிட்டா. பெருமையில கூச்சப்படறான்னு நெனச்சேன்.

— வாத்தியாரே, மணி என்ன?

— நாலு அஞ்சு.

— ஹாஜா பாய் கடைக்குச் சரக்கெடுக்க அஞ்சு மணி பஸ்ல சிங்கப்பூரு போறாரு. அதுக்குள்ள இது முடியணும். மூணு தாளு கிழிச்சுட்டேன். பேசிக்கிட்டே நான் வரையறேன், தப்பா நெனைக்காதீங்க.

— சுதந்திர மலருக்கா?

— அட்டைப்படம். பத்திரிகைக்காரரு கடுதாசி போட்டிருக்காரு. சித்திரையில வந்த அந்தப் பொம்பள மாதிரியே வேணுமாம், கையில கொடியோட. மொகத்தக் காட்டாமலே அழ வச்சிட்டீங்கன்னு எழுதியிருக்காரு. இது சரியா வந்தா மாசா மாசம் படம் என்னுதுதான், வேற ஆளு கெடையாதுன்னும் எழுதியிருக்காரு. பன்னெண்டு வருசம், வாத்தியாரே. எங்க மொதலாளி தவுக்கேயோட ஊதுபத்தி டப்பாவுக்கு ஒரே தாமரப் பூவ பன்னெண்டு வருசம் வரைஞ்சேன். பூவுக்குக் கீழ தவுக்கே பேரு இருக்கும். எம்பேரு அச்சுல வந்தது சித்திரையிலதான். மாரியம்மன் கோயில் திருவிழாவுல மூணு பேரு நிறுத்திக் கேட்டாங்க, நீங்கதானான்னு. வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு அழுதேன்.

— அதுக்குத்தான் சொல்றேன். இவ்வளவு பெரிய கை உங்களுக்கு. புள்ளையோட கைவேலையில போய் வைக்கலாமா? இதப் பண்டார் ஹிலிர் கண்காட்சிக்கு மொதப் பரிசாத் தேர்ந்தெடுத்துட்டாங்க. அட்டையில அவ பேரு போட்டாச்சு. பெரிய வாத்தியாருக்கு சந்தேகம் வந்துருச்சு. ஏமாத்துன புள்ளைய அவரு காலையில கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால நிறுத்தி வச்சிருவாரு. போன வருசம் ஒரு பையன நிறுத்துனாரு, அவன் அதோட பள்ளிக்கூடத்துக்கே வரல.

— அவள நிறுத்துவாங்களா?

— நீங்க ஒத்துக்கிட்டா நிறுத்த மாட்டாங்க. ஆசையில அம்மா செஞ்சிட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. சத்தமில்லாம கண்காட்சியில இருந்து எடுத்துடறேன். மார்க்கு போவும், அவ்வளவுதான்.

— செய்யாதத எப்படி எழுதறது?

— அப்ப அவளையே கேப்போம். வீட்டுல இருக்காளா?

— ஜெயா. ஏ ஜெயா, அடுப்ப எறக்கி வச்சிட்டு இங்க வா. வாத்தியாரு வந்திருக்காரு.

— வணக்கம் சார்.

— வாம்மா. பயப்படாத. இந்தக் கைவேலைய யாரு செஞ்சது?

— அம்மா.

— என்னடி சொல்ற?

— அம்மாதான் சார் செஞ்சாங்க. நான் அட்ட மட்டும் வெட்டிக் குடுத்தேன்.

— ஜெயா, என் மொகத்தப் பாத்துச் சொல்லு.

— கேட்டீங்களா சிவகாமி அம்மா. புள்ளைங்க பொய் சொல்லாது. சரி விடுங்க, நான் கோவப்படல. வெளிய வானம் இருட்டிக்கிட்டு வருது, மழ வர்றதுக்குள்ள சைக்கிள ஓரமா விட்டுட்டு வரேன். இதக் கொஞ்சம் புடிங்க. பாத்து, ஆளுங்க சாஞ்சிரும்.

— குடுங்க. போய்ட்டு வாங்க.

— அம்மா, அத மேல வச்சிருங்க, தம்பி முழிச்சிருவான்.

— ஏண்டி அப்படிச் சொன்ன?

— சும்மாத்தான்.

— அறுவத்திரண்டு பேர ஒக்காந்து வெட்டியிருக்க. வெரலப் பாரு, கத்திரிக்கோலு அழுத்தித் தோலு உரிஞ்சிருக்கு. இத்தன நாளா நான் பாக்கவே இல்ல. இதப் போய் நான் செஞ்சேன்னு குடுத்துட்ட.

— பெரிய வாத்தியாரு ஒரு நாளு திட்டுவாரும்மா. உங்களுக்கு அந்த வேல போயிறக் கூடாது.

— அதுக்கும் இதுக்கும் என்ன?

— உங்களுக்குத் தெரியும்.

— மெதுவாப் பேசு.

— மெதுவாத்தான் பேசறேன். நீங்க எழுதிக் குடுத்துருங்கம்மா. அவரு கேக்கறதும் அதானே. அப்பறம் யாரும் ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க மாட்டாங்க.

— நீ ஏன் எல்லாத்தையும் திருப்பியே நிக்க வைக்கற? ஒரு மொகம் கூடவா வரையத் தெரியாது?

— தெரியும். வரைஞ்சா யாரோ மாதிரி இருக்கு. முதுகுன்னா நல்லா வருது.

— ஏன்?

— தெனமும் பாக்கறேன்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்தா நீங்க அலமாரிக்கிட்ட நின்னு வரைஞ்சுக்கிட்டு இருப்பீங்க. சோத்தப் போட்டுக்கன்னு திரும்பாமலே சொல்லுவீங்க. தம்பி இடுப்புல இருந்தா எடது பக்கம் சாய்வீங்க. கொசு கடிச்சா செருப்ப விட்டுட்டு ஒரு காலால இன்னொரு காலத் தேய்ப்பீங்க. எனக்கு அதப் பாக்காமலே வரைய வரும்.

— என் மேல கோவமாடி உனக்கு?

— கோவம் இல்லம்மா. அன்னிக்கித் திடல்ல அவ்வளவு கூட்டம். அப்பா என்னத் தூக்கிக் காட்டுனாரு. எல்லா முதுகும் உங்களோடது மாதிரியே இருந்துச்சு. நீங்களும் வந்திருக்கீங்கன்னு ஒரு நிமிசம் நெனச்சேன்.

— இங்க வா. இப்படி முன்னால வந்து நில்லு.

— மணியாவுதும்மா. கொடி புடிச்ச கை சரியா வரல பாருங்க, தோளு எறங்கியிருக்கு. நான் வேணா...

— தொடாத. அத வச்சிரு.

— ஒரு கோடுதாம்மா. யாருக்கும் தெரியாது. அன்னிக்கி மாதிரியே.

— வச்சிருன்னு சொன்னேன்ல.

— சிவகாமி அம்மா, நல்ல மழ வரப் போவுது. ஏன் ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க? அடிச்சீங்களா புள்ளைய?

— அடிக்கல. வாங்க வாத்தியாரே. உங்க பேனாவக் குடுங்க. என்ன எழுதணும், சொல்லுங்க.

— அப்பாடா. சுருக்கமா எழுதுனாப் போதும். ‘இந்தக் கைவேலையைச் செய்தது என் மகள் அல்ல, நான்தான்.’ கீழ கையெழுத்து. எங்கிட்ட இருக்கட்டும், பெரிய வாத்தியாருக்கு மட்டும் காட்டுவேன். ஊரு முழுக்கப் போவாது. உங்க மரியாதைக்கு ஒண்ணும் ஆவாது.

— ஜெயா, சின்னவன் அழறான் பாரு, தூக்கு. நீயும் இங்கயே இரு.

— எழுதுங்கம்மா. அவரு சொன்னபடியே எழுதுங்க.

— எழுதிக்கிட்டுத்தானே இருக்கேன். கைய ஆட்டாத, பலகை ஆடுது.

— இவ்வளவு யோசிக்க ஒண்ணும் இல்லையே. ரெண்டே வரிதான். என்ன, மறுபடியும் எழுதறீங்க?

— ரெண்டு பிரதி வேணும். ஒண்ணு உங்க பெரிய வாத்தியாருக்கு. இன்னொண்ண போற வழியில ஹாஜா பாய்கிட்டக் குடுத்துருங்க. சிங்கப்பூருக்கு.

— சிங்கப்பூருக்கா? பத்திரிகைக்காரருக்கு இது எதுக்கும்மா? அட்டைப்படத்தையில்ல அனுப்பணும்? சுருட்டிக் குடுங்க, அதையும் கொண்டு போய்ச் சேத்துடறேன்.

— அட்டைப்படம் போகல.

— என்னது? இவ்வளவு நாளா காத்திருந்துட்டு?

— அம்மா, வேணாம்மா. கிழிச்சிருங்க. சார், அதப் படிக்காதீங்க சார்.

— நீ சும்மா இரு ஜெயா. அந்த வாரம் ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் உனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். அச்சுல எம்பேரப் பாத்ததும் வாய மூடிக்கிட்டேன். நாலு மாசமா ராவும் பகலும் அந்தப் பொம்பளைய வரைஞ்சு பாக்கறேன், வர மாட்டேங்குறா. சத்தமாப் படிங்க வாத்தியாரே, அவ காதுல விழட்டும்.

— கண்ணாடிய எடுத்துக்கறேன், இருங்க. ம்... ‘பெரிய வாத்தியார் அவர்களுக்கும் பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கும் சிவகாமசுந்தரி எழுதிக்கொண்டது. சித்திரை இதழில் என் பேர் போட்டு வந்த படத்தை வரைந்தது நான் அல்ல, என் மகள் ஜெயா.’