சாமி இறங்கின வெள்ளைக் குதிரை

இல்ல சார், பரிசு குடுக்குறதெல்லாம் குடுங்க, நா வேணாங்கல. அந்த வெள்ளைக் குதிரைக்கு மட்டும் ஒங்க கையால மாலை போடாதீக. கிட்டக்கயே போகாதீக. அதச் சொல்லத்தான் காலையிலருந்து ஒங்க பின்னாடி அலையிறேன். மொத மேடையில ஏறிட்டீக. பெறகு வண்டிப் பந்தயத்துக்குக் கொடி காட்டப் போயிட்டீக. சாப்பாட்டுக் கொட்டகையிலயாவது பிடிக்கலாம்னா ஆளாளுக்குச் சுத்தி நின்னுக்கிட்டாக. மாட்டாசுபத்திரி டாக்டருக்கு இம்புட்டு மரியாதையான்னு எனக்கே மலைப்பாப் போச்சு!

செத்த ஒக்காருங்க சார், புளியமரத்து நெழல்தான். பிள்ளை மடியில தூங்குறான், அதான் நா எந்திரிக்கல.

குதிரை யாருதா? எங்களதுதான். அந்தா, மைக்செட்டுக்குப் பக்கத்துல மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கிறாகள்ல, கருத்தையா மச்சான், எங்க வீட்டுக்காரவுகளுக்கு அண்ணன். அவுகதான் வளக்குறாக. எங்க வீட்டுக்காரவுக பட்டாளத்துல. சைனாக்காரன் சண்டைக்கு ஆள் எடுத்தப்பப் போனவுக. லீவுக்கு வருவாக, கையில ஒரு பிள்ளையக் குடுத்துட்டுத் திரும்பப் போயிருவாக. சிரிக்காதீக சார், உள்ளதத்தான சொல்றேன். அதுனால வீட்டுல மச்சான் சொன்னதுதான் சட்டம்.

கழுத்துல தேவமணிச் சுழி இருக்குன்னு பாத்துப் பாத்து வாங்கினாக. அந்தச் சுழி இருந்தா குதிரையயும் ஒண்ணும் அண்டாதாம், வளக்குற வீட்டயும் அண்டாதாம். இன்னைக்குக் கால்ல சலங்கை, நெத்திச்சுட்டி, முதுகுல பட்டு. எங் கலியாணத்துல எனக்கு அம்புட்டுப் போடல.

ஆனா விடியக்காலம் கொள்ளு வச்சா, மோந்து பாத்துட்டுத் தலையத் திருப்பிக்கிருச்சு. தண்ணியில வாய வைக்கிது, முழுங்க முடியல, அம்புட்டும் வழிஞ்சு போகுது. நடந்தாப் பின்னங்கால் பின்னுது. மச்சானுட்டச் சொன்னேன். கூட்டத்தக் கண்டு மிரளுதுன்னுட்டாக. விடியக்காலம் எங்க மாட்டுக் கசாலையில என்னா சார் கூட்டம்? நானும் ரெண்டு பசுவும்தான்.

பெறகுதான் அந்த ஆட்டக் குதிரைப் போட்டி. நீகளும் பாத்தீகள்ல, மேடையிலருந்து? தவில் அடிக்கவும் மத்ததெல்லாம் தாளத்துக்குக் காலத் தூக்குது. எங்களது மட்டும் நடுப்பொட்டல்ல நின்னு ஒடம்பு பூரா வெடவெடன்னு நடுங்குது. வாயெல்லாம் நுரை. கண்ணு ஆளப் பாக்காம வேற என்னத்தையோ பாக்குது. எவன் மொத கத்துனான்னு தெரியல, அய்யனாரு எறங்கிட்டாருடான்னு ஒரு சத்தம். அம்புட்டுத்தான். ஒரு பக்கம் கொலவை, ஒரு பக்கம் சூடம். மைக்குக்காரன் வேற, தாய்மாரெல்லாம் வரிசையா வாங்கன்னு கத்துறான். அவனுக்கு வாய மூடவே தெரியாது, என்னைய மாதிரி.

வரிசையில போயி என்ன செஞ்சாளுகன்னு தெரியுமா சார்? அந்த நுரையத் துணியில வாங்கிப் பிள்ளைக நெத்தியில தடவுனாளுக. எங்க தெரு அக்கம்மாள் இருக்காளே, மகனுக்குக் காலெல்லாம் செரங்கு, பச்சைப் புண்ணு. அதுலயே அப்புறா. ஏண்டி, கழுவுடின்னு கையப் பிடிச்சு இழுத்தேன். ஒம் புருசன் வீட்டுக் குதிரைன்னு ஒனக்குத் திமிருடின்னு உதறிட்டுப் போயிட்டா. எம் மக பொன்னழகையும் கூட்டியாரச் சொன்னாக மச்சான். வயித்த வலிக்குதுன்னு சொல்லுடின்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்து, எந் தங்கச்சியோட பள்ளத்தூர் பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டேன்.

இனிமேதான் சார் பெருசு. நீக மாலை போட்ட கையோட ஊர்வலமாம். வீட்டுக்கு வீடு நிறுத்தி, பிள்ளைகள அதும் முதுகுல ஏத்தி எறக்கப் போறாகளாம். நா சொன்னாப் பொட்டச்சி பேச்சு. நீக சொன்னா கவருமெண்டுப் பேச்சு. அதான் ஒங்களத் தேடுனேன்.

சாமிக் குத்தமா? எனக்கும் அய்யனாருன்னா பயந்தான், பொங்க வைக்காத வருசமில்ல. ஆனா சாமி எறங்குனா தன் தொடையத் தானே கடிச்சுக் கிழிக்குமா சார்? வலது பின்னந்தொடை, மூணு நாளா தூணுல தேச்சுக்கிட்டே கெடந்த எடம். தெரியக் கூடாதுன்னு முதுகுப் பட்ட எறக்கி விட்டிருக்காக. தூக்கிப் பாத்தீகன்னா அதே எடத்துல ஒரு பழைய தழும்பு இருக்கும். நாய்ப் பல்லு.

ஆமா சார், நாயிதான். என்ன சார், மொகம் இப்படியாயிப் போச்சு?

மாசி மாசம். கசாலையோரம் வேப்பமரத்துல சேலை கட்டி இவனத் தொட்டில்ல போட்டிருந்தேன். கம்மாய்ப் பக்கமிருந்து ஒரு செவலை நாயி வருது, வாலு தொங்கி, வாய் ஒழுகி. தொட்டிலுக்கு நேரா வருது சார். நா வெளக்குமாத்த எடுத்துக்கிட்டுக் குறுக்க ஓடுனேன். அடி தாங்காம அங்குட்டுத் திரும்பிக் குதிரை மேல பாஞ்சிருச்சு. அன்னைக்கே பக்கத்துத் தெருவுல அடிச்சுக் கொன்னுட்டாக.

அஞ்சாங்கிளாஸ் பாடத்துல இருந்துச்சுல்ல, நாக்கத் தொங்கப் போட்ட வெறிநாய் படம் போட்டு? வெரசா ஆசுபத்திரிக்குப் போவோம்னு மச்சானுட்டக் கெஞ்சுனேன். அங்க போனா எந்த நாயி, வேற எதக் கடிச்சுச்சுன்னு கேப்பாக, வந்து குதிரையச் சுட்டுப் போடுவாக, போட்டி முடியட்டும்னுட்டாக. சுழி காப்பாத்தும்னாக. சுண்ணாம்பும் மொளகாத்தூளும் கொழச்சு வச்சுக் கட்டுனாக, குதிரைக்கும் எனக்கும் ஒரே சட்டியிலருந்து.

எனக்கு எதுக்கா? குறுக்க ஓடுனேன்னு சொன்னேன்ல. மொத கடி எனக்குத்தான், கெண்டக்கால்ல. குதிரைக்கு ரெண்டாவது.

அது அப்பவே ஆறிப்போச்சு சார். நேத்துலருந்துதான் அந்த எடத்துல மட்டும் எறும்பு ஊர்ற மாதிரி குறுகுறுங்குது. தொப்புளச் சுத்தி ஊசி போடுவாகளாமே, அதப் போட்டா இவனுக்குப் பால் குடுக்கலாமா? இன்னும் பால் மறக்கல, அதான் கேக்குறேன்.

அட, எந்திரிங்க சார், மேளம் கேக்குது, ஊர்வலம் கெளம்பிரும். குதிரை அங்குட்டுல்ல நிக்கிது. நீக என்ன, எங் காலயே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீக?