எந்தக் கரைக்காரன்

வெர்லின்: வரித் தாள்ல வருஷா வருஷம் எழுதறதுதானே, ஓப்பல்? நம்ம வீடு கான்சாஸ்ல, வேலை ஆத்துக்கு அந்தப் பக்கம் மிசோரியில.

ஓப்பல்: உன் சம்பளத் தாள்ல மிசோரி விலாசம் இருக்கே.

வெர்லின்: அது... கறி ஆலைக்காரன் அவனா போட்டிருப்பான்.

ஓப்பல்: நீ சொல்லாமலா?

வெர்லின்: காலைல நாலு மணிக்கு வேலை. பாலமெல்லாம் பனி. கூட வேலை செய்யற ராய் ரூம்ல படுத்துக்கறேன், அவ்வளவுதான்.

ஓப்பல்: ஜூலை மாசத்துலயும் பனியா?

வெர்லின்: பேச்சை வளர்க்காத.

ஓப்பல்: நான் கேக்கல, வரித் தாள் கேக்குது. வருஷம் பூரா இந்த வீட்லதான் இருந்தியா? இல்லைன்னா எந்தத் தேதி வரைக்கும்?

வெர்லின்: ஒரே கூலியில ரெண்டு மாநில சர்க்காரும் கை வைக்கறானுங்க. பன்னி வெட்டறவன் நான். கான்சாஸ்காரன் ஒரு நாளாச்சும் கத்தி தீட்டிக் குடுத்தானா?

ஓப்பல்: கல்யாணமாகி இருபது வருஷமா இதே பாட்டு. மிசோரிக்குக் கட்டினதைக் கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் கான்சாஸ்காரன் கேக்கறான். நூத்திப் பன்னண்டு டாலர். பாதி வருஷம்னு போட்டா பாதி குறையும். அதுக்காகத்தானா?

வெர்லின்: ஆமா. அதுக்காகத்தான்.

ஓப்பல்: அம்பத்தாறு டாலருக்கு...

வெர்லின்: எவன் சும்மா குடுக்கறான் அம்பத்தாறு டாலர்?

ஓப்பல்: நான் குடுக்கறேன். என் பர்ஸ்லேர்ந்து இப்பவே எடுத்துக்க. முழு வருஷம்னு போட்டுடறேன். காபி ஆறுது, குடி.

வெர்லின்: பொய் எழுதினா புடிச்சுருவானுங்க. அவனுங்களை உனக்குத் தெரியாது.

ஓப்பல்: பொய்யே இல்ல. இந்தா, வரிப் புஸ்தகத்துலயே போட்டிருக்கான் பாரு. எத்தனை நாள் வெளிய தங்கினாலும், திரும்பி வர்ற எண்ணம் இருந்தா அவன் இந்த ஊர்க்காரன்தானாம்.

வெர்லின்: எழுத்து எனக்கு எங்க புரியுது...

ஓப்பல்: புரிய வேண்டாம். எண்ணம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு, வெர்லின்.

வெர்லின்: ஜூலை ஒம்போது வரைக்கும்தான் இங்க இருந்தேன்னு போடு.

ஓப்பல்: போட்டாச்சு. நீ வர்றதுக்கு முன்னாடியே, பேனாவால. அந்தத் தேதியை அடிச்சுடுன்னு சொல்லுவியான்னுதான் இவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டிருந்தேன்.