வெள்ளரிக்காய்க் கேள்வி

ஞாயிறு மாலை, சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார ரயில். அரசு வேலைக்கான தேர்வை எழுதிவிட்டுத் திரும்பும் நண்பர்கள் இருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் முப்பது தாண்டியிருக்கும். சன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"வெள்ளரிக்கா கவுத்துடுச்சு மச்சான்."

மற்றவர் கைப்பேசியில் விடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் கேள்விடா?"

"'அஸ் கூல் அஸ்'னு போட்டு, எது மாதிரின்னு கேட்டான். ஐஸ், வெள்ளரிக்கா, மோர், நெலா. நான் ஐஸ் போட்டேன்."

"வெள்ளரிக்காதான். பதறாம கீறவன இங்கிலீஷ்ல அப்டித்தான் சொல்வாங்களாம்."

"வெள்ளரிக்கான்னா நமக்கு மொளகாப்பொடிதானே மாமே நாபகம் வருது? அது எப்டி கூலாவும்?"

"நானும் ஐஸ்தான்டா போட்டேன். ஒரு கேள்விதானே, வுடு."

"உனக்கு இன்னும் ரெண்டு தபா கீது. நான் போன தபாவே ஒரு மார்க்குல வுட்டேன். இனிமே எழுத வயசு இல்ல. பாடில கீற கம்பெனில காண்ட்ராக்ட்டு வேலதான், சாவுற வரிக்கும்."

அம்பத்தூரில் வெள்ளரிக்காய்க் கூடையுடன் ஒரு பெண் ஏறினார். நண்பர் இரண்டு கேட்டார்.

"பொடி தூவட்டா நைனா?"

"எனக்கு வாணாம்க்கா," என்றார் சன்னலோரத்தவர். "பரிட்சைல கேட்ட மாதிரியே குடு."

ஒரு கடி கடித்து வெகுநேரம் மென்றார்.

"சில்லுன்னுதான் கீது," என்றார். பிறகு, "ஊட்ல இன்னா மச்சான் சொல்றது?"

பட்டாபிராம் வரும்வரை நண்பர் தன் கையிலிருந்த வெள்ளரிக்காயைக் கடிக்கவில்லை.