அமைதி மூலை

— அந்தத் தலையணைய விடுங்க அக்கா. இன்னைக்கு ஆயா வேலை பாத்தது போதும்.

— ரத்தம் பட்டிருக்கு மிஸ். இப்பவே ஊறவச்சாத்தான் போகும்.

— உங்க வாத்துக்குட்டி எவ்வளவு நேரம் அந்த அமைதி மூலையில இருந்தா?

— ரெண்டாவது மணி அடிச்சதுலேருந்து சாப்பாட்டு மணி வரைக்கும். அப்புறம் வந்து டிபன் டப்பாவ ஒத்தக் கையால திறக்கப் பாத்தா. என்னடி வாத்துக்குட்டி, இன்னொரு கைய எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு விளையாட்டாத்தான் கேட்டேன். கவுனுக்குள்ளேருந்து எடுத்துக் காட்டினா. விரல் நசுங்கிக் கெடந்துச்சு, அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

— ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?

— நகம் போச்சு. எலும்புல விரிசல். கட்டுப் போடுறவரு என்னத்தக் கட்டுனாரு, அவ மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டே இருந்தாரு. அஞ்சு வயசுப் பிள்ள இதுக்கு அழாம இருக்கே, பேச்சு வராதான்னு கேட்டாரு.

— பேச்சு வராதாமா? பென்சில் முனை உடைஞ்சாலே தரையில உருண்டு ஊரக் கூட்டுவா அவ.

— உங்க முழங்கையில ஒருக்கா கடிச்சு வச்சாளே.

— மூணு மாசம் அக்கா. அந்த மூலையில அவகூடவே உக்காந்து பழக்கினேன். வயித்துல கைய வை, சூட்டுப் பாலை ஊதுற மாதிரி மூச்ச மெதுவா விடு, கோவம் வந்தா தப்பில்ல, அடிக்கிறதுதான் தப்புன்னு. இன்னைக்கு வகுப்புல சத்தமே இல்ல. போர்டுல எழுதிக்கிட்டே நான் பெருமைப்பட்டேன். நினைச்சா அசிங்கமா இருக்கு.

— நானும் தண்ணி எடுத்துக்கிட்டு ரெண்டு தடவ அந்தப் பக்கம் போனேன். மூலையில இருக்கிற பிள்ளகிட்ட யாரும் பேசக்கூடாது, தானா எழுந்து வரட்டும்னு நீங்கதான சட்டம் போட்டீங்க. அதான் கூப்பிடல.

— அது கோவத்துல இருக்கிற பிள்ளைக்குப் போட்டது.

— முதுகப் பாத்து கோவமா வலியான்னு என்னத்த மிஸ் கண்டுபிடிக்கிறது?

— விடுங்க. என்னையும் சேத்துத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன்.

— அது கெடக்கட்டும். பெரிய மேடம் கேட்ட காகிதம் எழுதியாச்சா?

— உங்களுக்கும் தெரியுமா? ஆயா கதவச் சாத்தினப்ப விரல் நசுங்கிருச்சுன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். உங்கள வேலையவிட்டு அனுப்பிட்டா பெத்தவங்க வாய் அடங்கிருமாம். நல்ல கணக்கு.

— எழுதிடுங்க.

— என்னது?

— என் பேரையே எழுதிடுங்க. எனக்கென்ன, இது இல்லாட்டி நாலு வீட்டுல பாத்திரம் தேய்ப்பேன். நீங்க படிச்ச படிப்புக்கு இப்பத்தான் ஒரு வேலை கிடைச்சிருக்கு.

— பெரிய தியாகி. நீங்களா சாத்தினீங்க?

— இல்ல.

— காத்துல சாத்திக்கிச்சா?

— இலைகூட அசையல இன்னைக்கு.

— அப்ப யாருன்னு பாத்திருக்கீங்க. சொல்லுங்க. யாரா இருந்தாலும் பேரப் போட்டு எழுதுறேன். பெரிய மேடமா இருந்தாலும் சரி, நான் விடுறதா இல்ல.

— வேணாம் மிஸ்.

— சொல்லுங்கக்கா. தப்பு பண்ணவங்கள விட்டுட்டு உங்கள மாட்டிவிடுற ஆளா நான்?

— வராண்டாவத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். பெரிய மேடம் உங்கள வெளிய கூப்பிட்டு நிக்கவச்சுப் பேசினாங்க இல்ல, அப்போ.

— பேசினாங்களா அது? இந்த மூலைய எடுத்துட்டு ரெண்டு பெஞ்சு போடுன்னாங்க. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத வீட்டுலேருந்து வந்துட்டு, பிள்ளைங்கள எப்படி நடத்தணும்னு எங்களுக்கே சொல்லித் தரியான்னாங்க. எங்கம்மா கைநாட்டுதான். அதுக்கு இப்ப என்ன? உடம்பெல்லாம் எரிஞ்சுது எனக்கு. நேரா உள்ள வந்து…

— வந்து?

— கதவ இழுத்தேன்.

— உங்கள ஏன் திட்டுறாங்கன்னு பாக்க வாத்துக்குட்டி எழுந்து வந்திருக்கா. கீல் பக்கமா நிலையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. எனக்கு அவ தலைதான் தெரிஞ்சுது மிஸ், கை தெரியல. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன்.

— முதல்ல இழுத்தப்ப சாத்தல அக்கா. ஏதோ தடுக்குதுன்னு ரெண்டாந்தடவையும் இழுத்தேன்.

— உக்காருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— கத்தியிருக்கலாமே அவ. என் பக்கத்துலதான நின்னா. மிஸ்ஸுன்னு ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமே.

— ஆஸ்பத்திரியில மடியில வச்சுக்கிட்டு நானும் அதத்தான் கேட்டேன்.

— என்ன சொன்னா?

— மிஸ்ஸுக்குக் கோவம் போகட்டும்னு உக்காந்திருந்தேன்னு சொன்னா.