துவக்கு அக்காவின் முதல் கூட்டம்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் பஸ் ஏறினேன். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசியது காதில் விழுந்தது.

"துவக்கு அக்கா எலெக்ஷனிலை வெண்டிட்டா எண்டு தெருவெல்லாம் கதை." துவக்கு என்றால் துப்பாக்கி; அதற்குமேல் காதை மூட முடியவில்லை.

"பகிடி விடாதை. இண்டைக்குக் கவுன்சிலிலை முதல் கூட்டம். பயமாக் கிடக்கு," என்றாள் சேலை கட்டியிருந்தவள்; அவள்தான் அந்த அக்கா. கையில் பேச்சு எழுதிய தாள் ஒன்று இருந்தது.

"பிள்ளையளின்ரை கையிலை துவக்கு வரக்கூடாது எண்டு எத்தினை வருசம் வீடு வீடாய் நோட்டீஸ் குடுத்தனீங்கள். பிறகென்ன பயம்?"

"நான் வோட்டுக் கேக்கப் போகேக்கையும் சனம் துவக்குக் கேட்டுத்தான் வாறன் எண்டு நினைச்சிட்டுது. ஒரு ஐயா பேரன்ரை தண்ணித் துவக்கைக் கொண்டந்து தந்து, வேறை ஒண்டும் வீட்டிலை இல்லைப் பிள்ளை எண்டு சத்தியம் பண்ணினார்."

"வாங்கினனீங்களோ?"

"வாங்காமல் போக அவர் விட்டாத்தானே."

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

"அங்கை என்ரை இங்கிலீசைக் கேட்டு ஆரும் சிரிச்சால்?"

"முகத்திலை கதவைச் சாத்தினவையோடையே கதைச்சனீங்கள் அக்கா. இவையள் கூட்டம் முடியுமட்டும் எழும்பிப் போக ஏலாது."

அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். இறங்கும்போது நடுக் கதவில் நின்று டிரைவருக்கு இங்கிலீஷில் சொன்ன நன்றி பஸ் முழுக்கக் கேட்டது.