சிநேகிதியின் விண்ணப்பம்

மாமியார்: ...மறுபடியும் போச்சு.

மருமகள்: என்ன போச்சு, அத்தை?

மாமியார்: எல்லாம்தான். பேரு, வயசு, உயரம்... நாலாவது பக்கத்துக்குப் போனப்புறம், உயரத்தைத் தப்பாப் போட்டுட்டோமேன்னு பின்னாடி போற அம்பைத் தொட்டேன். மொத்தமா வெளியில தள்ளிடுச்சு. நீச்சல் குளத்துக்கு நீ பண்ணிக் கொடுத்த வெப்சைட்தானே இது?

மருமகள்: என்னோடதுதான்... உயரத்தை ஏன் தப்பாப் போட்டீங்க?

மாமியார்: என் சிநேகிதியோட உயரம் எனக்கு மனப்பாடமா என்ன?

மருமகள்: ஓ... சிநேகிதிக்காகவா.

மாமியார்: பின்ன, எனக்கா? நீச்சல் வகுப்புல சேர இன்னைக்குக் கடைசி நாளு. மூணு தடவை நிரப்பியாச்சு.

மருமகள்: தப்பு என் மேலதான். பக்கம் பக்கமா மாறுற மாதிரி தெரியுதுல்ல? உண்மையில ஒரே பக்கம். உள்ள இருக்கிறதை மட்டும் நான் மாத்திக்கிட்டே இருக்கேன். எந்த வகுப்புன்னு மட்டும் மேல லிங்க் முகவரியில ஏறுது. எத்தனாவது படியில இருக்கீங்கன்னு பிரௌசர்கிட்ட நான் சொல்லவே இல்ல.

மாமியார்: அதனால?

மருமகள்: அதைப் பொறுத்தவரைக்கும் நீங்க வாசல்லதான் நிக்கிறீங்க. பின்னாடி போன்னா தெருவுக்குத்தானே போகும்?

மாமியார்: நான் அடுப்படி வரைக்கும் வந்துட்டேன், அது தெருவுல கொண்டு விடுது. நல்லா இருக்குடி உன் வீடு.

மருமகள்: இருங்க... இப்போ பிரௌசர்கிட்ட சொல்லிட்டேன். நிரப்பினதெல்லாம் இனி போன்லயே நிக்கும். போட்டுப் பாருங்க.

மாமியார்: பேரு... வயசு... இப்போ பின்னாடி போறேன்... அட, அப்படியே இருக்கு. முன்னாடி போறேன்... அதுவும் இருக்கு. மறுபடி பின்னாடி...

மருமகள்: ஊஞ்சல் ஆடினது போதும். அனுப்புங்க.

மாமியார்: அனுப்பிட்டேன்... ஏம்மா.

மருமகள்: ம்?

மாமியார்: இடம் நிரம்பிடுச்சுன்னு வருது.

மருமகள்: ...அப்படியா.

மாமியார்: இதை முதல் பக்கத்துலயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

மருமகள்: அதையும் சரி பண்ணிடறேன். சிநேகிதிகிட்ட அடுத்த வருஷம்னு சொல்லிடுங்க.

மாமியார்: சிநேகிதியும் இல்ல, ஒண்ணும் இல்ல... நான்தான். அறுபத்திரண்டு வயசுல கேட்டா சிரிப்பீங்கன்னு... எங்க போனாலும் மத்தவங்க எல்லாம் தண்ணில இறங்குவாங்க, நான் துணியும் செருப்பும் காவல் காத்துக்கிட்டு கரையில நிப்பேன். ஒரு தடவை மிதந்து பார்க்கணும்னு ஆசை.

மருமகள்: ஆனா அது வீட்டுல ரெண்டு பேர் சேர்ந்து வர்ற வகுப்பாச்சே. கூட யாரு?

மாமியார்: ...நீ. முழங்கால் தண்ணிக்கே பயப்படுறவ, கேட்டா மாட்டேன்னுடுவே. அதான் கேக்காம உன் பேரைப் போட்டேன். உன் உயரம்தான் தெரியல. கோச்சுக்காதே.

மருமகள்: நேத்து 'சிநேகிதிக்கு, பார்த்துச் சொல்லு'ன்னு நீங்க எனக்கு அனுப்பின லிங்க்லயே எந்த வகுப்புன்னு இருந்துச்சு, அத்தை. உங்க சிநேகிதி வீட்டுல அவங்களையும் பூனையையும் விட்டா யாரு இருக்கா?... மிச்சம் இருந்த ரெண்டு இடத்தையும் காலையிலேயே நம்ம பேர்ல எடுத்துட்டேன். திங்கக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பணும். தண்ணில இறங்கினதும் என் கையை மட்டும் விட்டுடாதீங்க.