ஹாத்தம் நகலெடுத்த தாள்

ஒரு எக்ஸெல் கோப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாளை நகலெடுப்பது எளிது. எளிது என்பதால்தான் பெரும்பாலானோர் தவறாகச் செய்கிறார்கள். தாளை அப்படியே இழுத்துப் புதுக் கோப்பில் போட்டால் எண்கள் எல்லாம் வந்துவிட்டதுபோலத் தெரியும். உண்மையில் வந்திருக்காது. அவை பழைய கோப்பிலேயே இருக்கும்; புதுத் தாள் ஒவ்வொரு முறையும் அங்கே போய்க் கேட்டு வாங்கிவரும். முறையாகச் செய்பவர் நகலெடுத்ததும் இணைப்புகளை அறுத்துவிடுவார். ஹாத்தம் முறையாகச் செய்பவர் இல்லை.

என் பெயர் நஸீஹா; வேலையிடத்தில் எல்லாரும் மரியாதைக்கு லல்லா என்பார்கள். கஸ்ரீன் மலைச்சரிவில் உள்ள சுண்ணாம்புக்கல் குவாரியில் ஒன்பது வருடம் திட்டப்பிரிவு எழுத்தராக இருந்தேன். வெடி வைக்கும் ஒவ்வொரு நாளும் துளையின் ஆழம், மருந்தின் எடை, துளை வாயைக் கல்பொடியால் எத்தனை மீட்டர் அடைக்க வேண்டும், பொத்தானை அழுத்துபவர் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் எல்லாவற்றையும் ஒரே தாள் சொல்லும். அந்தத் தாளை உருவாக்கியது நான். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் வெயிலில் நடந்துபோய், எந்தக் கல் எவ்வளவு தூரம் வந்து விழுந்தது என்று நாடா பிடித்து அளந்தேன். பாறைக்குப் பாறை எண்கள் என் கோப்பில் தனித்தாளில் இருக்கும். வெடித்தாள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஒன்பது வருடத்தில், இந்தப் பிப்ரவரி வரை, ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஹாத்தம் பின்தீத் சென்ற இலையுதிர் காலத்தில் எஞ்சினியராக வந்தார். நல்ல உடை, நல்ல பேச்சு. வந்த மூன்றாம் வாரம் வெடித்தாளைத் தன் கோப்புக்கு நகலெடுத்து, மேலே தன் பெயரைப் போட்டுக்கொண்டார். டிசம்பரில் தலைமை அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஹாத்தம் சுவரில் அந்தத் தாளைக் காட்டி, "ரெண்டு மாசம் ராத்திரி பகலா உக்காந்து கட்டினேன்" என்றார். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "இந்தம்மா?" என்று கேட்டார்.

"லல்லா நஸீஹாவா? டைப் அடிச்சுக் குடுப்பாங்க. விரல் நல்லா ஓடும்" என்றார் ஹாத்தம். எல்லாரும் அன்போடு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் ஒரு சிறு பெட்டி நின்றிருந்தது.

"லல்லா, இந்தக் கோப்பத் தொறக்கும்போதெல்லாம் புதுப்பிக்கவா, வேண்டாமான்னு ஒண்ணு வந்து நிக்குது. உயிர வாங்குது. என்னது இது?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் தாள் இன்னும் என் கோப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நிமிட வேலை, அறுத்துக் கொடுத்திருக்கலாம்.

"அது ஒண்ணும் இல்ல, ஹாத்தம் சார். புதுப்பின்னு அழுத்துங்க. தினமும் அழுத்துங்க" என்றேன்.

"அவ்வளவுதானா? நீங்க இல்லன்னா நான் என்ன ஆவேன்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் ஏழரைக்கு அவர் தன் தாளைத் திறந்து, புதுப்பித்து, சேமித்து, அச்செடுத்து, குவாரிக்கு அனுப்புவார். ஒரு முறைகூட எண்களைப் படித்துப் பார்த்ததில்லை. இதை நான் இரண்டு மாதம் கவனித்தேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

பிப்ரவரியில் சோதித்துப் பார்த்தேன். என் கோப்பில் ஒரே ஒரு எண்ணை, அதுவும் கொஞ்சம்தான், குறைத்துச் சேமித்தேன். அவர் அச்செடுத்த பிறகு பழையபடி மாற்றிவைத்தேன். அன்று மதியம் ஒரு கல் கொஞ்சம் தூரமாக வந்து, மண் அள்ளும் வண்டி ஓட்டும் ஷுக்ரியின் தாடையை உடைத்தது. ஒன்பது பல் போயிற்று. இடது கண்ணும் போயிற்று. பாறையில் விரிசல் இருந்திருக்கிறது என்று ஹாத்தம் அறிக்கை எழுதினார். நான்தான் டைப் அடித்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், அவரால் சாப்பிட முடியவில்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் கணக்கு சரியாக இருந்தது. கல் நான் போட்ட தூரத்துக்கு நான்கு மீட்டர் வித்தியாசத்தில் விழுந்திருந்தது.

மார்ச் மாதம் குவாரியின் கிழக்குப் பாறைத்தட்டில் பெரிய வெடி. பொத்தானை ஹாத்தமே அழுத்துவார், கைப்பேசியில் படமும் எடுப்பார் என்று ஒரு வாரமாகப் பேச்சு. அன்று காலை ஏழு மணிக்கு, துளை வாய் அடைப்பை மூன்று மீட்டரிலிருந்து ஒன்றரையாக்கினேன்; அடைப்பு குறைந்தால் கல் தூரமாகப் பறக்கும். நிற்கும் தொலைவை ஐந்நூறிலிருந்து இருநூற்றெண்பது ஆக்கினேன். மருந்தின் எடையை அதற்கேற்ப ஏற்றினேன். சேமித்துவிட்டு, கடைத்தெருவுக்குப் போய் ஒரு கிண்ணம் லப்லாபி சாப்பிட்டேன். கொண்டைக்கடலை நன்றாக வெந்திருந்தது.

ஒன்பது மணிக்கு பஷீர் என் ஜன்னலுக்கு வந்தார். இருபத்தாறு வருடமாக அங்கே வெடி வைப்பவர். நான் அளக்கப்போகும்போதெல்லாம் நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் அவர்தான்.

"லல்லா, அடைப்பு ஒண்ணரை மீட்டர்னு இருக்கே. என் கண்ணுதான் மங்கிப்போச்சா?"

"கண்ணு சரியாத்தான் இருக்கு, பஷீர் அண்ணே."

"எஞ்சினியர்கிட்ட கேட்டேன். புது மருந்து, புதுக் கணக்கு, ஒனக்கு வயசாயிடுச்சு கெழவான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. சரி, அது போகட்டும். இது நீங்க போட்ட கணக்கா? நீங்க போட்டதுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"மேல பேரு போட்டிருக்கு, பாருங்க."

"அந்தப் பேரத்தான் எனக்கு நம்பத் தோணல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அது அவரு தாள், அண்ணே. அதப் பத்தி நான் எப்படிச் சொல்றது?"

அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அப்ப சரி. நானும் அவரு பக்கத்துலயே நிக்குறேன். சின்னப் பையன், பயந்துடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பன்னிரண்டரைக்கு மூன்று முறை சங்கு ஊதியது. அலுவலகக் கண்ணாடி எப்போதையும்விட அதிகமாக அதிர்ந்தது. நான் நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். ஹாத்தமின் தலைக்கவசத்தின் வார் அப்படியே மாட்டியிருந்தது; கவசத்துக்குள் இருந்ததைத்தான் முகம் என்று சொல்ல முடியவில்லை. கையில் கைப்பேசி படம் எடுத்துக்கொண்டே இருந்தது. பஷீர் அவர்மேல் குறுக்காகக் கிடந்தார். தள்ளிவிடப் பாய்ந்திருக்கிறார் போல. மார்புக்கூடு உள்ளே போயிருந்தது. கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது. என்னைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவது ஆள் தண்ணீர் லாரி ஓட்டுநர். கழுத்தில் பட்டிருந்தது. அவர் பெயர் உங்கள் அறிக்கையில் இருக்கும்.

எல்லாரும் கீழே ஓடிக்கொண்டிருந்தபோது நான் மேலே ஹாத்தமின் அறைக்குப் போனேன். அவருடைய கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. கோப்பைத் திறந்தேன். பெட்டி கேட்டது; புதுப்பிக்க வேண்டாம் என்று அழுத்தினேன். பிறகு இணைப்புகளை அறுத்துச் சேமித்தேன். அப்படி அறுத்தால், கடைசியாக வந்த எண்கள் அங்கேயே உறைந்துவிடும். எங்கிருந்து வந்தன என்பதற்குத் தடம் இருக்காது. அவர் ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலையை அவருக்காக நான் செய்து முடித்தேன். என் கோப்பிலும் எண்களைப் பழையபடி திருத்திவைத்தேன்.

மூன்று மாதத்தில் வழக்கை மூடிவிட்டீர்கள். எஞ்சினியரின் பிழை என்று எழுதினீர்கள். என்னை யாரும் தேடவில்லை. பஷீரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு ஏன் நானாக வந்தேன் என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள்.

அறிக்கையின் பதினொன்றாம் பக்கம். 'கடைசி நாளின் எண்கள் நீங்கலாக, இந்தத் தாள் மிகச் சிறப்பாகக் கட்டப்பட்டது. காலஞ்சென்ற ஹாத்தம் பின்தீதின் உழைப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்டின் மற்றக் குவாரிகளும் பின்பற்றலாம் என்று பரிந்துரையும் செய்திருக்கிறீர்கள்.

அந்த வரியை மட்டும் திருத்துங்கள், ஐயா. தாளைக் கட்டியவர் நஸீஹா என்று எழுதுங்கள். அந்த மூன்று பேர் செத்ததற்குப் பொறுப்பு என்று நீங்கள் எழுதிய ஹாத்தமின் பெயர் அப்படியே இருக்கட்டும்; என் கோப்பில் என் எண்களை நான் எப்படி வேண்டுமானாலும் மாற்றிவைப்பேன், அவர் கேட்காமல் எடுத்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?